தானே புறப்படும் மின்பொறியின் வரலாறு

நம் காக்ஸ் டவுன் காலனியின் பின்புறக் கொட்டகையில், உடைந்த நாற்காலிகளுக்கிடையே துருவேறிக் கிடந்த எஞ்சினை அன்பர்கள் அனைவரும் அறிவர். குடகு நாட்டுக் காப்பித் தோட்டம் ஒன்றிலிருந்து பழைய விலைக்கு வந்தது அது என்பர். அதனை எடைக்குப் போட்டுவிடலாம் என்று சென்ற ஆண்டுக் கூட்டத்தில் முதலில் கை தூக்கியவர்களுள் நாமும் ஒருவர். அது பிழை என்று ஒப்புக்கொண்டே இக்கட்டுரையைத் தொடங்குகிறோம்.

மின்விளக்கு வரலாற்றில் நம் பெங்களூர் எந்நகருக்கும் பின்தங்கியதன்று. காவிரியின் சிவசமுத்திர அருவியில் பிறந்த மின்சாரம் 1902ஆம் ஆண்டு ஜூன் 30ஆம் நாள், ஏறத்தாழ 92 மைல் கம்பிவழி ஓடிக் கோலார் தங்கவயலை அடைந்தது. அந்நாளில் உலகின் மிக நீண்ட மின்தொடர்களுள் அதுவும் ஒன்று. 1905இல் பெங்களூர்த் தெருக்களிலும் மின்விளக்கு எரிந்தது. இத்திட்டத்துக்கு வழி வகுத்த மைசூர்த் திவான் சர் கே. சேஷாத்திரி ஐயர் பாலக்காட்டுத் தமிழ்க் குடும்பத்தில் பிறந்தவர். 1901இலேயே மறைந்தமையால் அவ்வொளியைக் காணும் பேறு அவருக்கு வாய்க்கவில்லை. அவ்விசையால் இயங்கிய சுரங்கங்களில் இறங்கி உழைத்தவர்களோ, வட ஆர்க்காடு முதலிய மாவட்டங்களிலிருந்து பிழைப்புத் தேடி வந்த நம்மவர்களே.

நகருக்கும் சுரங்கத்துக்கும் கம்பி வந்தது; காட்டுக்கும் மலைத்தோட்டத்துக்கும் வரவில்லை. அங்கெல்லாம் எண்ணெய் எஞ்சினே கதி. பழைய எண்ணெய் எஞ்சின்கள் பலவற்றை ஊதுவிளக்கால் சூடேற்றிய பின்னரே கிளப்ப முடியும். ருடால்ஃப் டீசல் என்னும் ஜெர்மானியர் 1897இல் வெற்றிபெறச் செய்த எஞ்சினோ, காற்றை அழுத்திப் பிறக்கும் வெப்பத்தாலேயே எண்ணெயை எரிப்பது. 1867இல் இங்கிலாந்தின் டர்ஸ்லி என்னும் சிற்றூரில் தோன்றிய லிஸ்டர் கம்பெனியார், குளிர்ந்த நிலையிலேயே கிளம்பும் சிறிய டீசல் எஞ்சினை 1930ஐ ஒட்டி விற்பனைக்குக் கொண்டுவந்தனர். நம் கொட்டகையில் இருப்பது அவ்வகையில் ஆறு குதிரைத் திறன் உடையது; நிமிடத்துக்கு 650 சுற்றே சுழல்வது. அவசரமில்லாத எஞ்சின்! இவ்வமைப்பைப் பின்பற்றி நம் நாட்டு ராஜ்கோட்டிலும் எஞ்சின்கள் ஏராளமாக வார்க்கப்பட்டன.

இனி, இதன் புதுமை யாதெனில், இது தானே புறப்படும். ‘ஸ்டார்ட்-ஓ-மாட்டிக்’ என்பது இதற்குக் கம்பெனியார் இட்ட பெயர். எஞ்சின் ஓய்ந்திருக்கையில் வீட்டுக் கம்பிகள் 24 வோல்ட் பாட்டரியுடன் இணைந்திருக்கும். எவரேனும் ஒரு விளக்கின் சுவிட்சைப் போட்டால் அதன் வழியே சிறிது மின்னோட்டம் பாயும். ரிலே அதை உணர்ந்து ஜெனரேட்டருக்குப் பாட்டரி மின்சாரத்தைத் திருப்பிவிடும். ஜெனரேட்டர் அப்பொழுது மோட்டாராகி எஞ்சினைச் சுழற்றும். எஞ்சின் பற்றிக்கொண்டதும் மீண்டும் ஜெனரேட்டராகி வீட்டுக்கு ஒளி தரும், பாட்டரியையும் நிரப்பும். கடைசி விளக்கு அணைந்ததும் எண்ணெய் தடைபட்டு எஞ்சின் தானே நின்றுவிடும். தோட்டத்துத் துரை படுக்கையிலிருந்தே எஞ்சினை நிறுத்தினார் என்றால் மிகையன்று.

இதனை உயிர்ப்பிக்கலாம் என்று உரைத்தவர், காலனியில் மகன் வீட்டில் வாழும் எண்பது வயதுப் பெரியவர். 2001இல் மூடப்பட்ட தங்கவயலில் மின்பிரிவில் பணியாற்றியவர். நாமும் இளைஞர் மூவரும் ஞாயிறுதோறும் அவருக்குக் கையாளாயினோம். இறுகிய பிஸ்டனை மண்ணெண்ணெயில் ஊறவிட்டோம். இளகப் பதினைந்து நாள் ஆயிற்று. குளிர்நீர் செல்லும் வழியில் படிந்த உப்பைச் சுரண்டினோம். ஈரமேறிய சுருள்களைப் பெட்டியிலிட்டு விளக்குச் சூட்டில் உலர்த்தி, மெக்கரால் சோதித்தோம். ரிலேயின் முனைகளை மட்டும் எவரையும் தொடவிடாமல் பெரியவரே துடைத்தார். கம்பித்தொடர்ப் படம் கிடைக்கவில்லை. அவர் ஒவ்வொரு கம்பியாகத் தடவிப் பார்த்துச் சொல்ல, நாம் ரயில்வே ஆபீஸ் வழக்கப்படி எண்ணிட்டுத் தமிழிலேயே வரைந்துகொண்டோம். அவர் கண்பார்வை மங்கி வருகிறது. அடுத்த ஆண்டுக்கு ஒத்திவைத்திருந்தால் இப்படம் நமக்குக் கிடைத்திராது.

எல்லாம் முடிந்து, இரண்டு லாரி பாட்டரிகளை இணைத்து, ஆவலோடு எல்இடி விளக்கின் சுவிட்சைப் போட்டோம். எஞ்சின் அசையவில்லை. மீண்டும் போட்டோம், இல்லை. அத்தனை ஞாயிறும் வீண் என்று நாம் சோர்ந்திருக்க, பெரியவர் நகைத்து, “பழைய குண்டு பல்பு ஒன்று கொண்டு வாருங்கள்” என்றார். குண்டு பல்பின் இழை குளிர்ந்திருக்கும்பொழுது மின்னோட்டத்துக்கு எளிதாக வழிவிடும். எல்இடி விளக்கோ 24 வோல்ட்டுக்கு வழிவிடாது. ஆகவே புதிய விளக்கைப் போட்டது ரிலேக்குத் தெரியவே இல்லை!

காலனி முழுதும் தேடியதில், ஒரு வீட்டுப் பூசையறையில் நூறு வாட் பல்பு ஒன்று அகப்பட்டது. சுவிட்சைப் போட்டதும் ரிலே ‘டக்’ என்றது. பெருஞ்சக்கரங்கள் இரண்டும் மெல்லப் புரண்டன. கரும்புகை ஒருமுறை எழுந்தது. பல்பு முதலில் சிவந்து, பின் முழுதும் எரிந்தது.

இவ்வாண்டு விழா மேடைக்கு இவ்வெஞ்சினே ஒளி தரும். மேடையின் வலப்புறத்தில் அந்தக் குண்டு பல்பு தனியே தொங்கும். சிக்கனம் கருதி அதை எவரும் அணைத்துவிட வேண்டா என்று கேட்டுக்கொள்கிறோம்.