புதிர்ச் சாகச விளையாட்டுகள் (கையடக்கக் கருவிகள்)

புதிரை விடுவித்தால்தான் கதை நகரும் என்ற விதியில் அமைந்த வீடியோ கேம் வகை. கைவேகத்தைவிட யோசனையே இதில் முதன்மை. ஒரு புதிர், ஓர் இடைவெளி என்று ஆட முடிவதால், பையில் எடுத்துச் செல்லும் கருவிகளில் இது நன்றாக வேரூன்றியது.

தொடக்கம்

இவ்வகை பிறந்தது பெரிய கணினிகளில். 1970களின் நடுவில் அமெரிக்கர் வில் குரோதர் எழுதிய 'கொலாசல் கேவ் அட்வெஞ்சர்', படமே இல்லாமல் வெறும் எழுத்துகளால் ஆடுபவரைக் குகைக்குள் அலையவிட்டது. 1989இல் நின்டெண்டோ நிறுவனம் வெளியிட்ட கையடக்கக் கருவியான கேம் பாய் நான்கு பென்சில் பேட்டரிகளில் இயங்கியது. அதைப் புகழ்பெறச் செய்த டெட்ரிஸ், கதையில்லாத புதிர். 1993இல் அதே கருவிக்கு வந்த 'செல்டா: லிங்க்ஸ் அவேக்கனிங்' ஒரு தீவையே சிறு திரைக்குள் அடக்கிப் புதிரையும் கதையையும் பிணைத்தது. 2001இல் ஜப்பானில் வெளியான 'ஏஸ் அட்டர்னி' நீதிமன்றத்தைக் களமாக்கியது. சாட்சியின் வாக்குமூலத்தில் உள்ள முரணைப் பிடிப்பதே அதன் புதிர்.

தொடுதிரைக் காலம்

2004இல் வந்த நின்டெண்டோ டிஎஸ், இரண்டு திரைகளும் தொட்டு எழுதும் கோலும் கொண்டது. 15 கோடிக்கும் மேல் விற்றது. 2007இல் லெவல்-5 நிறுவனம் வெளியிட்ட 'பேராசிரியர் லேட்டன்' முதல் ஆட்டத்தில் நூற்றுக்கும் மேற்பட்ட புதிர்கள் இருந்தன. ஜப்பானில் புதிர் நூல்களால் பெயர்பெற்ற உளவியல் பேராசிரியர் அகிரா டாகோ அவற்றுக்குப் பொறுப்பேற்றார். தவறான விடைக்கு மதிப்பெண் குறையுமே தவிர ஆட்டம் முடிந்துவிடாது. பள்ளிப் பிள்ளைகளும் வயதானவர்களும் அஞ்சாமல் ஆட இது வழிசெய்தது. அதே ஆண்டின் 'செல்டா: பேன்டம் அவர்கிளாஸ்' கருவியையே விடையாக்கியது. மேல்திரையிலுள்ள குறியைக் கீழ்த்திரை வரைபடத்தில் பதிக்க எந்தப் பொத்தானும் உதவாது. கருவியை மூடித் திறக்க வேண்டும்.

தமிழரிடையே

1990களில் தமிழ்நாட்டுச் சிறுவர்கள் கையில் புழங்கியது டெட்ரிஸைப் பின்பற்றிய, விலை மலிந்த 'பிரிக் கேம்'. கதையோடு கூடிய புதிர்கள் பெரும்பாலோருக்கு அறிமுகமானது செல்போன் வந்த பிறகே.

இவ்வகையில் தமிழ் வாழ்க்கையைக் களமாகக் கொண்ட குறிப்பிடத்தக்க ஆட்டம் 'வெண்பா'. டொரன்டோவின் விசை கேம்ஸ் உருவாக்கிய இது, 2023 ஜூலை 31 அன்று நின்டெண்டோ ஸ்விட்ச் உள்ளிட்ட கருவிகளில் வெளியானது. 1980களில் கனடாவில் குடியேறிய வெண்பா, கணவர் பாவலன், மகன் கவின் ஆகியோரின் கதை இது. வெண்பாவுக்குத் தன் தாய் தந்த சமையல் குறிப்பேடு கிழிந்தும் கறைபட்டும் கிடக்கிறது. விடுபட்ட படிகளை ஊகித்துச் சமைப்பதே புதிர். இட்லித் தட்டுகளை எப்படி அடுக்குவது, புட்டுக்குழலில் எதன்மேல் எதை இடுவது என்பவை அயலாருக்குத் தர்க்கக் கணக்கு. தமிழ் ஆட்டக்காரருக்கோ வீட்டில் பார்த்துப் பழகிய விடை. ஆடுபவரின் வளர்ப்பைப் பொறுத்துப் புதிரின் கடினம் மாறுவது இந்த வகையில் அரிது. 2024இல் இவ்வாட்டம் சுயாதீன விளையாட்டு விழாவின் தலைமைப் பரிசையும், அறிமுகப் படைப்புக்கான பாஃப்டா விருதையும் பெற்றது.