விருந்தாளியின் துப்பாக்கி, வீட்டுக்காரனின் வில்

1909-ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்கள் 23-ஆம் நாள். அமெரிக்கத் துறைமுகத்திலிருந்து 'ஹாம்பர்க்' என்னும் கப்பல் புறப்படுகிறது. கரையிலே பெருங்கூட்டம். கையசைத்து விடைபெறுபவர் யார்? நாடாண்டு ஓய்ந்தவர், குடியரசுத் தலைவர் பதவியை விட்டிறங்கி மூன்று வாரங்கூட முடியாதவர், தியோடர் ரூஸ்வெல்ட். எங்கே செல்கிறார்? ஆப்பிரிக்காவுக்கு. எதற்கு? வேட்டைக்கு. உடன் வருவோர்? மகன் கெர்மிட், உயிரியல் அறிஞர் மூவர், பேழையிலே அவருடைய சொந்தத் துப்பாக்கிகள்.

அயல்நாடு செல்பவன் ஆடை எடுத்துச் செல்வான். ஏடு எடுத்துச் செல்வான். இவர் பன்றித்தோல் அட்டையிட்ட ஒரு சிறு நூலகத்தையே எடுத்துச் சென்றார். அதை நாம் பாராட்டுவோம். நாம் இங்கே ஆராய விரும்புவது நூற்பெட்டியை அல்ல, துப்பாக்கிப் பெட்டியை. ஒரு மனிதன் தன் துப்பாக்கியோடு பிறர் நாட்டுக்குள் நுழையும்போது, அந்தத் துப்பாக்கியோடு வேறு என்னவெல்லாம் உள்ளே நுழைகின்றன என்பதே நம் கேள்வி.

பரிசாய் வந்த துப்பாக்கி

பேழையில் இருந்தவை சிறப்பானவை. அமெரிக்கப் படையினர் கையாண்ட ஸ்பிரிங்பீல்டு ரைபிளை வேட்டைக்கென மாற்றியமைத்தது ஒன்று. 405 ரக வின்செஸ்டர் மற்றொன்று. சிங்கத்துக்கு அதுவே கைகண்ட மருந்து என்று அவர் நம்பினார். மூன்றாவது, இலண்டன் நகரத்து ஹாலண்டு அண்டு ஹாலண்டு நிறுவனத்தார் செய்த இரட்டைக்குழல் ரைபிள். யானையையும் காண்டாமிருகத்தையும் வீழ்த்த வல்லது.

இந்த மூன்றாவது துப்பாக்கியின் கதை சுவையானது. ரூஸ்வெல்ட் அதை விலைகொடுத்து வாங்கவில்லை. இங்கிலாந்து நாட்டு அன்பர்கள் ஒன்றுகூடி அன்பளிப்பாக அளித்தார்கள். எந்தத் தொண்டுக்காக? தேசியப் பூங்காக்களும் காட்டுக் காப்பகங்களும் அமைத்து உயிரினங்களைக் காத்தாரே, அந்தத் தொண்டுக்காக! உயிரைக் காத்தமைக்குப் பரிசு, உயிரைப் போக்கும் கருவி!

நகைப்பதற்காக மட்டும் இதைச் சொல்லவில்லை. ரூஸ்வெல்ட் காடுகளைக் காத்தவர் என்பது உண்மை. 1902-இல் மிசிசிப்பி மாநிலத்தில், மரத்திலே கட்டப்பட்டுக் கிடந்த கரடியைச் சுடமாட்டேன் என்று மறுத்தவர் அவரே. அந்தக் கதையிலிருந்துதான் குழந்தைகள் அணைத்துறங்கும் 'டெடி' பொம்மை பிறந்தது. கட்டுண்ட கரடியைச் சுட மறுத்த கை, கட்டுண்ட கண்டத்திலே என்ன செய்தது?

யாருக்குக் கதவு திறந்தது?

ஆப்பிரிக்காவுக்குள் துப்பாக்கி நுழைவது அக்காலத்தில் எளிதன்று. 1890-இல் பிரசல்சு நகரில் வல்லரசுகள் கூடி ஓர் உடன்படிக்கை செய்தன. வடக்கே 20 பாகை முதல் தெற்கே 22 பாகை வரை ஆப்பிரிக்காவின் பெரும்பகுதிக்குள் துப்பாக்கி, குறிப்பாக ரைபிள், இறக்குமதியாகக் கூடாது என்பது அதில் ஒரு விதி. காரணம் கூறினார்கள்: துப்பாக்கி அடிமை வணிகத்துக்குத் துணைபோகிறது, ஆகவே தடுக்கிறோம் என்று. காரணத்தில் பொய் இல்லை. துப்பாக்கி முனையிலேதான் சிற்றூர்கள் எரிந்தன. ஆண்களும் பெண்களும் சங்கிலியில் பிணைக்கப்பட்டு இழுத்துச் செல்லப்பட்டார்கள்.

ஆனால் விதிக்கு விலக்கும் இருந்தது. தற்காப்புக்கே என்று தன் அரசாங்கத்திடம் சான்று பெற்று வரும் பயணிக்குத் துப்பாக்கி தரலாம்! பயணி யார்? ஐரோப்பியன், அமெரிக்கன். சான்றளிக்கும் அரசாங்கம் எவனுக்கு உண்டோ, அவனுக்குக் கதவு திறந்தது. அந்த மண்ணிலே பிறந்து, அந்த மண்ணிலே மடிகிறவனுக்கு, தான் கொள்ளும் ஆயுதத்துக்குச் சான்றளிக்கத் தனக்கென்று ஓர் அரசாங்கம் ஏது? அதைத்தான் அதே வல்லரசுகள் பறித்துக்கொண்டு விட்டனவே!

நமக்கு இது புதிதன்று. 1878-இல் லிட்டன் பிரபு காலத்தில் இந்தியாவில் இயற்றப்பட்ட ஆயுதச் சட்டமும் இதே அச்சில் வார்த்ததுதான். இந்தியன் துப்பாக்கி வைத்திருக்க உரிமம் வேண்டும், ஐரோப்பியனுக்கு விலக்கு. செயலைப் பார்த்து வந்த சட்டமன்று அது. பிறப்பைப் பார்த்து வந்த சட்டம். பிறப்பைப் பார்த்து நீதி வழங்குவது என்றால் என்ன என்பதை நம் நாட்டவருக்கு விளக்கவும் வேண்டுமோ?

வேட்டை எனவும் திருட்டு எனவும்

1900-ஆம் ஆண்டு மே திங்களில் இலண்டனில் மற்றொரு மாநாடு கூடியது. ஆப்பிரிக்காவின் காட்டுவிலங்குகளைக் காப்பது நோக்கம். பிரிட்டன், செர்மனி, பிரான்சு, போர்ச்சுகல், இத்தாலி, ஸ்பெயின் ஆகியவற்றோடு பெல்சிய மன்னன் லியோபோல்டின் காங்கோ அரசும் கையெழுத்திட்டது. ஆப்பிரிக்க விலங்கைப் பற்றிய மாநாட்டில் ஆப்பிரிக்கன் ஒருவனுக்கும் இருக்கை இல்லை. அந்த உடன்படிக்கை முழுமையாக நடைமுறைக்கு வரவேயில்லை. எனினும் அதன் கருத்துகள் குடியேற்ற நாடுகளின் சட்டங்களில் ஏறின. கண்ணி வைத்தல், குழி பறித்தல் ஆகியவை தீயவை. உரிமம் பெற்றுத் துப்பாக்கியால் சுடுவது நேர்மையான விளையாட்டு என்றாயிற்று.

பிரிட்டிஷ் கிழக்கு ஆப்பிரிக்காவில் வேட்டைக்காரர் உரிமத்தின் விலை 50 பவுன். கடல் கடந்து வந்த செல்வனுக்கு அது சில்லறை. காட்டிலே வாழ்ந்த மகனுக்கோ கனவிலும் காணாத தொகை. விளைவு? ஒருவன் சுட்டால் வேட்டை, மற்றவன் வீழ்த்தினால் திருட்டு. ஒரே காடு, ஒரே விலங்கு, ஒரே சாவு; பெயர் மட்டும் இரண்டு!

பெட்டியைச் சுமந்தவர் யார்?

1909 ஏப்ரலில் ரூஸ்வெல்ட் மொம்பாசாவில் இறங்கினார். உகாண்டா இரயில் ஏறி, எஞ்சினின் முன்புறம் அமைந்த இருக்கையில் அமர்ந்து, இருமருங்கும் மேய்ந்த விலங்குக் கூட்டங்களைக் கண்டு களித்தார். அவர் ஊர்ந்து சென்ற அந்த இருப்புப்பாதையைப் போட்டவர் யார்? 1896 முதல் இந்தியாவிலிருந்து கப்பலேற்றிச் செல்லப்பட்ட ஏறத்தாழ 32,000 கூலிகள், பெரும்பாலும் பஞ்சாபியர். அவர்களில் ஏறத்தாழ 2,500 பேர் அந்த மண்ணிலேயே மாண்டனர். சாவோ ஆற்றங்கரையில், 1898-இல், சிங்கங்களுக்கு இரையானோரும் அவர்களில் உண்டு. சிங்கங்களைச் சுட்ட பொறியாளர் பாட்டர்சனின் பெயரை உலகம் அறியும். இரையானவன் பெயரை யார் அறிவார்?

இருப்புப்பாதையை விட்டிறங்கியதும் தொடங்கியது நடைப்பயணம். இருநூறுக்கும் மேற்பட்ட சுமைகூலிகள் வரிசையாய் நடந்தார்கள். கூடாரம் அவர்கள் தலையில். உணவு அவர்கள் தலையில். தோல்களைப் பதப்படுத்த நான்கு டன் உப்பு, அதுவும் அவர்கள் தலையில். ஏறத்தாழ 60 இராத்தல் ஒரு தலைக்கு. தோட்டாப் பெட்டியும் அப்படியே. துப்பாக்கி ரூஸ்வெல்டுக்குச் சொந்தம். சுமை மட்டும் பிறருக்கு!

1910 மார்ச்சில் கார்ட்டூம் நகரில் பயணம் முடிந்தபோது கணக்கு எடுத்தார்கள். தந்தையும் மகனும் சுட்ட பெருவிலங்குகள் 512. தந்தை 296, மகன் 216. சிங்கம் 17, யானை 11, காண்டாமிருகம் 20. அமெரிக்க அருங்காட்சியகத்துக்கு, அறிவியல் ஆய்வுக்கு என்றார்கள். ஸ்மித்சோனியன் நிலையத்துக்குப் பல்லாயிரம் மாதிரிகள் சென்று சேர்ந்தன என்பதும், அறிஞர்கள் அவற்றால் பயன் பெற்றார்கள் என்பதும் மெய். அறிவியலை மதிப்பவர் நாம். ஆகவே அதை மறுக்கமாட்டோம். ஆனால் ஆய்வுக்கு எத்தனை வேண்டும், ஆசைக்கு எத்தனை வேண்டும் என்று பிரித்துக் கேட்பதும் அறிவியலே அல்லவா?

இதே பயணத்தில் ஒரு காட்சி. நந்தி இனத்து இளைஞர்கள், கையில் வேலும் கேடயமும் தவிர வேறெதுவும் இல்லாமல், ஒரு சிங்கத்தைச் சூழ்ந்து நின்றார்கள். வட்டம் சுருங்கியது. சிங்கம் பாய்ந்தது. வேல்கள் பாய்ந்தன. நகமும் பல்லும் மனித உடலைக் கிழித்தன, சிங்கமும் சாய்ந்தது. துப்பாக்கியோடு வந்தவர் அன்று பார்வையாளராக நின்றார், வியந்தார், வியந்ததை எழுதியும் வைத்தார். வீரம் எது என்பதை அவர் கண்ணாலேயே கண்டார். ஆனால் அந்த வீரனுக்கு அந்தக் காட்டின்மீது உரிமை உண்டா என்ற கேள்வி அவர் நெஞ்சில் எழவில்லை.

வில்லுக்கு விலங்கு

ஆண்டுகள் உருண்டன. சாவோ காடு 1948-இல் தேசியப் பூங்காவாயிற்று. அந்தக் காட்டை அண்டி வாழ்ந்தவர்கள் வாட்டா மக்கள். ஆளுயர வில்லும், மரச்சாற்றில் காய்ச்சிய நஞ்சு தோய்த்த அம்பும் கொண்டு யானை வேட்டையாடியவர்கள். 1950-களின் பிற்பகுதியில் பிரிட்டிஷ் ஆட்சி அவர்கள்மீது ஒரு படையெடுப்பே நடத்தியது. வில்லைப் பறித்தது, வில்லாளனைச் சிறையிலிட்டது.

'அவர்களும் யானையைத்தானே கொன்றார்கள்? தந்தம் வணிகனிடம்தானே போயிற்று?' என்று தோழர் ஒருவர் கேட்கக்கூடும். கேட்க வேண்டிய கேள்வி. ஆம், கொன்றார்கள், வணிகனுக்குத் தந்தமும் விற்றார்கள். வில்லேந்தியவன் என்பதற்காக நாம் அவனைத் தூயவன் என்று கொண்டாடவில்லை. யானையைக் காக்கச் சட்டம் வேண்டாம் என்றும் சொல்லவில்லை. ஒரே சட்டம் வேண்டும் என்கிறோம். அந்நாளில் பூங்கா எல்லைக்கு வெளியே பணம் கட்டியவன் யானையைச் சுட உரிமம் கிடைத்தது. பரம்பரையாய் வேட்டையாடியவனுக்குச் சிறை கிடைத்தது. யானையின்பால் இரக்கம் என்றால், அந்த இரக்கம் ஏழையின் அம்பைக் கண்டால் மட்டும் ஏன் விழிக்கிறது?

1963-இல் கென்யா விடுதலை பெற்றது. 1977-இல் அந்த நாட்டு அரசு வேட்டையை முற்றிலும் தடை செய்தது. விருந்தாளிக்கும் தடை, வீட்டுக்காரனுக்கும் தடை! நம் இந்தியாவிலோ 1972-இல் காட்டுயிர்ப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. மன்னரும் வெள்ளையரும் புலித்தோல்மேல் கால்வைத்துப் படம் எடுத்துக்கொண்ட காலத்துக்கு முற்றுப்புள்ளி விழுந்தது.

ஆனால் தென் ஆப்பிரிக்கா போன்ற நாடுகளுக்கு இன்றும் வேட்டைப் பயணிகள் சொந்தத் துப்பாக்கியோடு செல்கிறார்கள். குண்டு நீக்கிய துப்பாக்கி பூட்டிய பெட்டியில். தோட்டா தனியே, ஐந்து கிலோவுக்கு மிகாமல். இறங்கிய இடத்தில் போலீசார் துப்பாக்கியின் எண்ணைச் சீட்டோடு ஒப்பிட்டுத் தற்காலிக அனுமதி தருவார்கள். ஒழுங்கு கூடியிருக்கிறது; மறுப்பதற்கில்லை. வேட்டைக்காரர் தரும் பணத்தால் காடு காக்கப்படுகிறது என்று வாதிடுவோரும் உளர். அந்த வாதத்தையும் கேட்போம். கேட்டுவிட்டு ஒன்றே ஒன்று வினவுவோம்: அந்தப் பணத்தில் காட்டோரத்துக் குடிசைக்கு எவ்வளவு போயிற்று?

கடைசிக் கணக்கு

ரூஸ்வெல்ட் கணக்கில் ஒரு வரியை நாம் இன்னும் சொல்லவில்லை. 1910 சனவரியில், நைல் ஆற்றின் மேற்கரையில், லாடோ என்னும் பகுதியில், தந்தையும் மகனும் ஒன்பது வெள்ளைக் காண்டாமிருகங்களைச் சுட்டார்கள். வடக்கு வெள்ளைக் காண்டாமிருகம் என்று அறிஞர் பிரித்துரைக்கும் இனம் அது. அரிதானது என்று அறிந்தே சுட்டார்கள். அரிதானது என்பதாலேயே அருங்காட்சியகத்துக்கு வேண்டியதாயிற்று.

அந்த ஒன்பதால் இனம் அழிந்தது என்று நாம் கூறினால் அது பொய்யாகும். பிற்காலத்துக் கொம்பு வணிகமும் உள்நாட்டுப் போர்களுமே அதை அழித்தன. 2018 மார்ச்சு 19-ஆம் நாள், கென்ய மண்ணில், அந்த இனத்தின் கடைசி ஆண், 'சூடான்' என்னும் பெயருடையது, துப்பாக்கி ஏந்திய காவலர் சூழ இறந்தது. எஞ்சியவை இரண்டே பெண்கள்: தாயாகிய நாஜின், அதன் மகள் பாத்து.

காவலர் யார் என்று பாருங்கள், தோழர்களே! ஆப்பிரிக்க இளைஞர்கள். வெயிலிலும் மழையிலும், பகலிலும் இரவிலும், கையில் துப்பாக்கியோடு அந்த விலங்கைச் சுற்றி நின்றவர்கள் அவர்கள். எவனிடம் ஆயுதம் தரக்கூடாது என்று 1890-இல் பிரசல்சில் எழுதினார்களோ, அவன் பேரப்பிள்ளைகள்!

வரலாற்றைப் படிக்கும்போது படத்தில் முன்னே நிற்பவனை மட்டும் பார்த்துப் பழகிவிட்டோம். இனியேனும் அவனுக்குப் பின்னே பெட்டி சுமந்து நிற்பவனையும் பார்ப்போம். சட்டம் ஒன்றைக் காட்டி எவரேனும் இது நன்மைக்கு என்று கூறினால், இது யார் கையைக் கட்டுகிறது, யார் கையை விடுகிறது என்று கேட்போம். இரு கையையும் ஒன்றாகக் கட்டும் சட்டமென்றால், அதற்கு முதலில் தலைவணங்குபவர் நாமாக இருப்போம்.