93 கையொப்பங்கள்



1914ஆம் ஆண்டு ஆகஸ்ட் 25ஆம் தேதி இரவு, பெல்ஜியத்தின் லூவேன் நகரைக் கைப்பற்றியிருந்த ஜெர்மானியப் படை, அங்கிருந்த பல்கலைக்கழக நூலகத்தைத் தீக்கிரையாக்கியது. குடிமக்கள் பலரும் கொல்லப்பட்டனர். ஆனால் அக்டோபர் 4 அன்று, ஜெர்மனியின் அறிஞரும் கலைஞருமாகிய 93 பேர், தங்கள் படை அங்கே கொடுமை இழைக்கவில்லை என்று உலகுக்கு அறிக்கை விடுத்தனர். இயற்பியலாளர் மாக்ஸ் பிளாங்க்கும், இறையியலாளர் அடால்ஃப் ஃபொன் ஹார்னாக்கும் அதில் கையொப்பமிட்டிருந்தனர். வாசகத்தைப் படிக்காமலே பெயர் கொடுத்ததாகச் சிலர் பிற்பாடு ஒப்புக்கொண்டனர்.

சுவிட்சர்லாந்தின் சாஃபென்வில் என்னும் சிற்றூரில் போதகராயிருந்த கார்ல் பார்த், அப்பட்டியலில் தம் ஆசிரியர்களின் பெயர்களைக் கண்டு அதிர்ந்தார். அவர்களிடம் கற்ற இறையியலையே கேள்விக்குட்படுத்தத் தொடங்கினார்.

அந்த அறிக்கையை எழுதியவர்கள் சிலரே. மற்றவர்களோ சோதித்தறியாமல் அதற்குத் தங்கள் நற்பெயரைப் பிணையாக வைத்தார்கள். பொய்ச்சாட்சி சொல்லாதிருக்கும் கட்டளை போர்க்காலத்தில் தளர்வதில்லை. வல்லரசுகள் மோதும் இந்நாட்களில், உங்கள் கைபேசிக்கு வரும் செய்தியைப் பிறருக்கு அனுப்புவதும் ஒரு கையொப்பமே. நம் தரப்புக்குச் சாதகமான செய்தியையே முதலாவது சோதித்துப் பாருங்கள்.