கதவடைத்த நாடு

ஒட்டன்சத்திரம் சந்தையில் ஏற்றப்படும் தக்காளியும் முருங்கையும் மலை கடந்து கேரளத்து அடுப்புகளைச் சென்றடைகின்றன. எல்லைச் சாவடி ஒரு நாள் அடைபட்டாலும் இங்குள்ள உழவரின் முகம் வாடிவிடும். ஓர் ஊருக்கே இந்நிலையென்றால், ஒரு நாடு தன் வாயில்களை அடைத்துக்கொண்டால் என்னவாகும்? விடை தேடி நாம் நெடுந்தொலைவு செல்ல வேண்டியதில்லை. நம்மவர் பலர் வாழ்ந்து மீண்ட பர்மாவின் வரலாறே போதும்.

ஒதுங்கியிருத்தலை அரபியில் ‘உஸ்லத்’ என்பர். இமாம் கஸ்ஸாலி (ரஹ்) அவர்கள் தம் ‘இஹ்யா’வில் அதற்கெனத் தனிப் பகுதி வகுத்து, அதன் நன்மை தீமைகளைச் சீர்தூக்கியுள்ளார்கள். அது தனிமனிதனின் ஒதுக்கம். பிற நாடுகளின் பூசல்களில் சிக்காதிருக்க வேண்டி, வாணிபத்தையும் போக்குவரவையும்கூடச் சுருக்கிக்கொள்வது அரசின் ஒதுக்கம். அணிசேராமை இதனின் வேறு. அணிசேரா நாடு எவருடைய படைக்கூட்டிலும் சேராது. ஆயினும் எல்லாருடனும் பேசும், வாங்கும், விற்கும்.

பர்மாவும் முதலில் அவ்வாறே இருந்தது. 1955-இல் பாண்டுங் மாநாட்டைக் கூட்டிய ஐந்து நாடுகளுள் அதுவும் ஒன்று. அந்நாட்டவரான ஊ தாண்ட் 1961-இல் ஐ.நா. பொதுச் செயலாளர் பொறுப்பை ஏற்றார். 1962 மார்ச் 2-இல் படைத்தலைவர் நே வின் ஆட்சியைக் கைப்பற்றியதும் காற்றுத் திசை மாறிற்று. வெளிநாட்டுப் பயணிகள் தங்குவதற்கான அனுமதி 24 மணி நேரமாகக் குறுகியது. 1963-இல் வங்கிகளும் 1964-இல் கடைகளும் அரசுடைமையாயின. 1964 மே மாதத்தில் 50, 100 கியாட் நோட்டுகள் செல்லாதவையாயின.

வியட்நாமை எரித்த வல்லரசுப் போர் பர்மாவுக்குள் நுழையவில்லை. அந்த நன்மையை நாம் மறுப்பதற்கில்லை. ஆனால் அதற்கு விலை கொடுத்தோர் யார்? வெளியுலகை நம்பாத கொள்கை, உள்ளே தலைமுறைகளாக வாழ்ந்தவரையும் வெளியாராகவே கண்டது. அடுத்தடுத்த ஆண்டுகளில் ஏறத்தாழ 3 இலட்சம் இந்தியர் வெளியேறினர். இரங்கூனில் கடை நடத்திய தமிழர், முஸ்லிம்களும் இந்துக்களுமாக, ஈட்டியதை விட்டுக் கப்பலேறினர். சென்னையின் பர்மா பஜார் அத்துயரத்தின் நினைவுச் சின்னமேயாகும்.

1979-இல் அணிசேரா இயக்கத்திலிருந்தும் பர்மா விலகிற்று. ஒரு காலத்தில் உலகுக்கே அரிசி அளந்த அந்நாட்டை, 1987-இல் ஐ.நா. மிகப் பின்தங்கிய நாடுகளின் பட்டியலில் சேர்த்தது.

ஒதுங்கிய தனிமனிதன் தன் பசியைத் தானே சுமக்கிறான். ஒதுங்கிய அரசோ, அப்பசியைக் குடிமக்களின் தலையில் ஏற்றிவைக்கிறது. பிறர் சண்டையில் சேராதிருத்தல் அறிவுடைமை. அதற்காகச் சந்தைக்குச் செல்லும் வழியையும் அடைத்தல் அறிவுடைமையாகாது.