கேஸ் பைப்லைன் உங்க நிலம் வழியா வந்தா வேண்டாம்னு சொல்ல முடியுமா? சட்டம் சொல்வது இதுதான்!

கொச்சியில் கப்பலில் வந்து இறங்கும் எரிவாயு, பூமிக்கு அடியிலேயே பயணித்து மங்களூரு தொழிற்சாலைகளைச் சென்றடைகிறது. கெயில் நிறுவனம் பதித்த சுமார் 450 கி.மீ. நீள பைப்லைன் இது. 2021 ஜனவரி 5-ம் தேதி பிரதமர் மோடி இதைத் தொடங்கி வைத்தார்.

இதே திட்டத்தின் இன்னொரு கிளை, பாலக்காடு மாவட்டம் கூற்றநாட்டில் பிரிந்து, தமிழ்நாடு வழியாக பெங்களூரு செல்ல வேண்டும். அங்கேதான் சிக்கல் வெடித்தது.

நிலத்தை வாங்காமலேயே குழாய் பதிக்க முடியுமா?

முடியும். அதற்கென்றே 1962-ல் மத்திய அரசு ஒரு சட்டம் கொண்டு வந்தது. இதன்படி பட்டா உங்கள் பெயரிலேயே இருக்கும். குழாய் போகும் பட்டைக்கு 'பயன்பாட்டு உரிமை' மட்டும் எடுத்துக்கொள்ளப்படும். கெயில் திட்டத்தில் அந்தப் பட்டையின் அகலம் 20 மீட்டர்.

பணி முடிந்ததும் அங்கே நெல், கடலை, காய்கறி பயிரிடலாம். ஆனால் வீடு கட்டக் கூடாது, கிணறு வெட்டக் கூடாது, மரம் வைக்கக் கூடாது. அப்படின்னா தென்னை, மா வைத்திருக்கும் விவசாயிக்கு? நிலம் இருக்கும், தோப்பு இருக்காது. இதுதான் பிரச்னையின் மையப்புள்ளி.

இழப்பீடு எவ்வளவு?

மரம், பயிர் சேதத்துக்குத் தனித் தொகை உண்டு. நிலத்துக்கு, சந்தை மதிப்பில் 10 சதவீதம் என்கிறது சட்டம். அதுவும் முதல் அறிவிப்பு வெளியான தேதியில் இருந்த மதிப்புதான் கணக்கு. தொகை போதவில்லை என்றால் மாவட்ட நீதிபதியிடம் முறையிடலாம்.

தமிழ்நாட்டில் என்ன நடந்தது?

கோவை, திருப்பூர், ஈரோடு, நாமக்கல், சேலம், தருமபுரி, கிருஷ்ணகிரி என 7 மாவட்டங்களில் சுமார் 310 கி.மீ. தூரத்துக்குக் குழாய் பதிக்கத் திட்டமிடப்பட்டது. விவசாயிகள் போராட்டத்தில் இறங்கினர். விளைநிலம் வேண்டாம், நெடுஞ்சாலை ஓரமாகக் கொண்டு செல்லுங்கள் என 2013 மார்ச்சில் அப்போதைய முதல்வர் ஜெயலலிதாவின் அரசு கெயிலுக்கு உத்தரவிட்டது.

அந்த உத்தரவை 2013 நவம்பரில் சென்னை உயர் நீதிமன்றம் ரத்து செய்தது. மேல்முறையீட்டை 2016 பிப்ரவரி 2-ல் உச்ச நீதிமன்றமும் தள்ளுபடி செய்தது. மத்திய சட்டப்படி நடக்கும் திட்டத்தை மாநில அரசு தன் உத்தரவால் நிறுத்த முடியாது என்பதே இதன் பொருள்.

கேரளாவிலும் 2017-ல் கோழிக்கோடு மாவட்டம் முக்கத்தில் பெரிய போராட்டம் வெடித்தது. அதன்பிறகு இழப்பீட்டை உயர்த்திய அம்மாநில அரசு, மிகக் குறைந்த நிலம் வைத்திருப்போருக்குக் கூடுதல் தொகையும் அறிவித்தது.

குழாய் எப்படி பதிக்கப்படுகிறது?

பள்ளம் தோண்டி, எஃகுக் குழாய்களை வெல்டிங் செய்து இணைப்பார்கள். வெல்டிங் இணைப்புகளை எக்ஸ்ரே எடுத்துப் பார்த்த பிறகே மண்ணுக்குள் இறக்குவார்கள். விளைநிலத்தில் குழாய்க்கு மேல் குறைந்தது ஒரு மீட்டர் மண் இருக்க வேண்டும். கேஸ் விடும் முன், தண்ணீரை நிரப்பி அதிக அழுத்தத்தில் சோதிப்பார்கள். கசிந்தால் கேஸை நிறுத்த, வழியில் ஆங்காங்கே வால்வுகள் இருக்கும்.

இவ்வளவு கவனம் ஏன்? ஆந்திராவின் நகரம் கிராமத்தில் 2014 ஜூன் 27-ல் கெயில் பைப்லைன் வெடித்து 20 பேருக்கும் மேல் உயிரிழந்தனர். மக்களின் பயம் வெறும் வதந்தியால் வந்ததல்ல.

தேவை அதிகமானால்?

இரண்டு வழிகள் உண்டு. ஒன்று, இடையில் கம்ப்ரசர் நிலையம் அமைத்து அழுத்தத்தைக் கூட்டி, அதே குழாயில் அதிக கேஸ் அனுப்புவது. இதற்கு நிலையம் அமையும் இடம் மட்டும் போதும். இன்னொன்று, பழைய குழாய்க்குப் பக்கத்திலேயே இரண்டாவது குழாய் பதிப்பது. அப்போது மீண்டும் பள்ளம், மீண்டும் பயிர் சேதம்.

நோட்டீஸ் வந்தால் என்ன செய்யணும்?

அரசிதழில் அறிவிப்பு வந்த பிறகு ஆட்சேபம் தெரிவிக்க 21 நாட்கள் மட்டுமே அவகாசம். இதற்கென நியமிக்கப்பட்ட அதிகாரியிடம் எழுத்துப்பூர்வமாகக் கொடுக்க வேண்டும். நேரில் விளக்கவும் உங்களுக்கு உரிமை உண்டு. சர்வே எண்ணைச் சரிபாருங்கள். நிலத்தில் உள்ள மரம், கிணறு, கட்டடம் எல்லாவற்றையும் போட்டோ எடுத்து, பட்டியல் போட்டு வையுங்கள். உரிமை அரசுக்குப் போய்விட்டதாக இறுதி அறிவிப்பு வந்துவிட்டால், பிறகு பேச மிஞ்சுவது பெரும்பாலும் இழப்பீட்டுத் தொகை மட்டுமே.