கச்சான் காத்தும் சின்ன கமராவும்

கமராவின் ஆரம்பக் கதையில ஒரு வானியலாளர் இருக்கிறார்: ஜான் ஹெர்ஷல். பதிந்த படம் வெளிச்சத்தில் கெட்டுப்போகாமல் நிற்க 'ஹைப்போ' உப்பு உதவும் என்று 1839-ல் காட்டியவர். அவருடைய தோழி ஜூலியா மார்கரெட் கமரன் 1875-ல் இலங்கைக்கு வந்து, இங்கே தொழிலாளர்களையும் படம் பிடித்தார். 1879-ல் டிக்கோயாவில் இறந்தார். அந்தப் படங்கள் பலவற்றில் இருப்பவர்களுக்குப் பெயர் இல்லை. கமரா பிடிச்ச கை வேற, முன்னாடி நின்ன முகம் வேற.

அடுத்த வருடமே, 1880-ல், ஹென்றி டிரேப்பர் அமெரிக்காவில் ஓரியன் நெபுலாவை முதன்முதலாகப் படம் பிடித்தார். 51 நிமிடம் கமராவைத் திறந்து வைக்க வேண்டியிருந்தது. இங்கே கோப்பி நோயில் அழிந்து தேயிலை ஏறிக்கொண்டிருந்த காலம் அது. 1969-ல் பெல் ஆய்வகத்தில் சிசிடி பிறந்தது. அந்த வழியில் வந்த சின்ன டிஜிட்டல் கமராவிலேயே இன்று 15 வினாடியில் அதே நெபுலா ஒரு புகைத்திட்டாக விழும்.

பழைய கமரா வாங்கினாலும் போதும். மெகாபிக்சல் கணக்கில் மயங்க வேண்டாம். சென்சர் பெரிதா என்று பாருங்க: 'ஒரு இஞ்ச்' வகை, சாதாரண 1/2.3 வகையைவிட ஏறத்தாழ நாலு மடங்கு பரப்பு. 'எம்' மோட், 15 வினாடி, ரோ ஃபைல், எஃப் 2-க்கு நெருங்கிய லென்ஸ் இருக்கணும். சில பழைய கெனன் பவர்ஷொட்களில், மெமரி கார்டில் சிஎச்டிகே என்ற இலவச மென்பொருளைப் போட்டால் ரோவும் நீண்ட நேரமும் கிடைக்கும்.

ஸ்டாண்ட் இல்லையா? துணிப்பையில அரிசி கட்டி அதுமேல வைங்க. ஸூம் வேண்டாம். தூரத்து விளக்கில் ஃபோகஸ் பண்ணி, ஐஎஸ்ஓ 1600, இரண்டு வினாடி டைமர். அதற்கு மேல் நீட்டினால் பூமி சுழலுவதால் நட்சத்திரம் கோடாகும். அதனால ஒரே படத்தை நீட்டாமல் இருபது படம் எடுத்து, சீக்வேட்டர் போன்ற இலவச மென்பொருளில் அடுக்குங்க.

எப்போ எடுக்கிறது? தென்மேல் பருவத்தில் நுவரெலியா பக்கம் மழை கொட்டும். மலையைத் தாண்டி நம்ம பக்கம் இறங்கும் கச்சான் காத்து காய்ந்துபோய் வரும். ஜூலை முதல் செப்டெம்பர் வரை ஊவாத் தேயிலைக்குத் தனி வாசனை தருவது அந்தக் காத்துதான். மேகத்தை விலக்குவதும் அதுவே. அதே மாதங்களில் பால்வீதியின் நடுப்பகுதி, விருச்சிகமும் தனுசும், முன்னிரவில் தெற்கே உயர்ந்து நிற்கும். ஐப்பசியிலிருந்து தை வரை வடகீழ்ப் பருவம். நம்ம வானம் மூடிரும்.

அந்த வாசனை ஏலத்தில் விலையாகி எங்கோ போகிறது. வானம் அப்படிப் போகாது. வர்ற ஆடி அமாவாசையை ஒட்டி, லயத்து விளக்குக்கு எட்டின இடமாப் பார்த்து நாலைந்து பேரா எடுங்க. படத்துக்குக் கீழே எடுத்தவர் பெயரையும் தோட்டத்தின் பெயரையும் கட்டாயம் எழுதுங்க.