பன்னிரண்டு காசும் தீராத கடனும்

மலாயாவிற்கு வந்த தமிழ்த் தொழிலாளரின் வரலாற்றைக் கூறும் நூல்கள் கப்பலைப் பற்றியும் கங்காணியைப் பற்றியும் விரிவாகப் பேசுகின்றன. காடழித்துத் தோட்டம் அமைத்த உழைப்பையும் அவை போற்றுகின்றன. ஆயின், அம்மக்கள் நாளொன்றுக்கு எத்தனை காசில் வாழ்ந்தனர், அக்காசிலிருந்து கடனை எவ்வாறு அடைத்தனர் என்னும் வினாவை நாம் மாணவர்முன் வைப்பது அரிது. 'நம் முன்னோர் சிக்கனம் அறியாதவர். ஆதலின் கடனாளிகளாயினர்' என்னும் பழிச்சொல் மட்டும் மேடைகளிலும் வகுப்பறைகளிலும் எளிதில் வழங்கிவருகிறது. அச்சொல் பொருந்துமா பொருந்தாதா என்பதைக் கணக்கைக் கொண்டே காணல் வேண்டும்.

பத்தொன்பதாம் நூற்றாண்டில் பினாங்கிற்கு எதிர்க்கரையிலுள்ள செபராங் பிறையில் கரும்புத் தோட்டங்கள் பெருகின. அத்தோட்டங்களுக்கு ஒப்பந்த முறையில் கொண்டுவரப்பட்ட நம்மவரையே 'சஞ்சிக்கூலிகள்' என்று பழையோர் அழைத்தனர். அவர்களுடைய கடன் மலாயா மண்ணை மிதிப்பதற்கு முன்பே தொடங்கிவிட்டது. ஊரில் ஆள் பிடித்த தரகனின் செலவு, நாகப்பட்டினத்தில் தங்கியிருந்த செலவு, கப்பற் கட்டணம், கையில் கொடுத்த முன்பணம் ஆகிய அனைத்தும் தொழிலாளியின் பெயரில் எழுதப்பட்டன. வேலையில் சேரும் முதல் நாளிலேயே அவன் கடன்காரன்.

1884ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ் ஒப்பந்தக் காலம் மூன்றாண்டு. ஆடவனுக்கு நாட்கூலி 12 காசு. பெண்களுக்கு அதனினும் குறைவு. மாதத்தில் 26 நாள் தவறாது வேலை செய்தவன் 3 வெள்ளி 12 காசு பெறுவான். கடனுக்காக மாதம் ஒரு வெள்ளி பிடிக்கப்பட்டதாகக் கொள்வோம். எஞ்சுவது 2 வெள்ளி 12 காசு. வேலைக்கு விடுமுறை உண்டு. வயிற்றுக்கு விடுமுறை இல்லை. எனவே அத்தொகையை முப்பது நாளுக்கும் பகுத்தல் வேண்டும். நாளொன்றுக்கு ஏறக்குறைய 7 காசு வரும். அரிசி, உப்பு, மிளகாய், எண்ணெய், துணி, வெற்றிலை, ஊருக்கு அனுப்பும் பணம் ஆகிய எல்லாவற்றிற்கும் அந்த ஏழு காசுதான்.

அவன் ஆறு நாள் காய்ச்சலில் படுத்துவிட்டான் என்று வைத்துக்கொள்வோம். இருபது நாள் கூலி 2 வெள்ளி 40 காசு. கடனுக்கு ஒரு வெள்ளி போக எஞ்சுவது 1 வெள்ளி 40 காசு. நாளொன்றுக்கு ஐந்து காசுகூட இல்லை. மலேரியா, வயிற்றுக்கடுப்பு ஆகிய நோய்கள் தோட்டங்களில் மலிந்திருந்த காலம் அது. மேலும், வேலைக்குச் செல்லாத நாட்கள் ஒப்பந்தக் காலத்தின் இறுதியில் சேர்க்கப்பட்டன. ஒப்பந்தத்தை மீறிச் சென்றால் தண்டமும் சிறையும் காத்திருந்தன. இத்தகைய நிலையில் ஒருவன் எத்துணைச் சிக்கனமாக வாழினும், ஒரு காய்ச்சல் அவனுடைய கணக்கைக் கலைத்துவிடும். இதனை அவனுடைய குணக்குறை என்று கூறுதல் அறமாகாது.

சிக்கனம் இல்லாமலா அம்மக்கள் பிழைத்தனர்? சோறும் கருவாடும், நீர்விட்டுப் பெருக்கிய குழம்பும் அவர்களின் அன்றாட உணவு. லயத்தின் பின்புறத்திலிருந்த சிறு நிலத்தில் கீரையும் மரவள்ளியும் முருங்கையும் வளர்த்தனர். கோழி வளர்த்தனர், இயன்றவர் ஆடும் பசுவும் வளர்த்துப் பால் விற்றனர். தோட்டப் புல்லும் சமையலறைக் கழிவும் காசாக மாறின. இவ்வேலையிற் பெரும்பகுதி பெண்களின் தோளிலேயே விழுந்தது. பொழுது விடியுமுன் பிரட்டுக்குச் சென்று, பகலெல்லாம் உழைத்து, மாலையில் வந்து இந்தச் சிறு வருவாயையும் தேடியவர்கள் அவர்களே. செக்ரோலில் அவர்களுக்கு எழுதப்பட்ட கூலியோ ஆடவர் கூலியிலும் குறைந்தது. இம்மாலை உழைப்போ எந்த ஏட்டிலும் ஏறவில்லை.

ஒப்பந்த முறையை அடுத்து வலுப்பெற்றது கங்காணி முறை. காப்பித் தோட்டங்களிலும், பின்னர் இரப்பர்த் தோட்டங்களிலும் இம்முறையே ஓங்கியது. கங்காணி தன் சொந்த ஊருக்குச் சென்று, உறவினரையும் ஊராரையும் திரட்டி வந்தான். இவர்கள் சட்டப்படி சஞ்சிக்கூலிகள் அல்லர். ஒரு மாத முன்னறிவிப்புக் கொடுத்து விலகலாம். ஆயினும் வழிச்செலவுக் கடன் கங்காணியின் கணக்கில் இருந்தது. தோட்டக் கடையும் பல இடங்களில் அவன் கையிலோ அவனுக்கு வேண்டியவர் கையிலோ இருந்தது. தன் ஆட்களில் வேலைக்கு வந்தவர் ஒவ்வொருவருக்கும் அவனுக்குத் 'தலைக்காசு' கிடைத்தது. ஆதலின் கடன் தீர்ந்து ஆள் விலகுவதைக் காட்டிலும், கடன் நிலைத்து ஆள் தங்குவதே அவனுக்கு ஆதாயமாயிற்று. அரிசி கொடுப்பவனும் அவனே, கணக்கு எழுதுபவனும் அவனே, ஊர்ப் பெரியவனும் அவனே. எழுத்தறியாத தொழிலாளி அக்கணக்கை எவ்வாறு சரிபார்ப்பான்? இந்த ஒன்றை நினைத்தாலே தோட்டத்துத் தமிழ்ப்பள்ளி எத்துணைப் பெரிய கருவி என்பது விளங்கும்.

கடலுக்கு அப்பால் இலங்கையின் தேயிலைத் தோட்டங்களிலும் இதே கதைதான். அங்கே 'துண்டு' என்றொரு சீட்டு வழங்கிவந்தது. தொழிலாளர் பட்டிருந்த கடனைச் செலுத்தினால் அவர்களை விடுவிப்பதாக அதில் எழுதியிருக்கும். புதிய தோட்டத்தார் அக்கடனைக் கொடுத்து ஆளைப் பெறுவர். தொழிலாளியின் கடனோ தீராமல் இடம் மட்டும் மாறும். 1921ஆம் ஆண்டில் சட்டத்தின்மூலம் அம்முறை ஒழிக்கப்பட்டது.

மலாயாவில் திருப்பம் 1907ஆம் ஆண்டில் நேர்ந்தது. அவ்வாண்டில் இந்தியக் குடியேற்றக் குழு அமைக்கப்பட்டு, தமிழர் குடியேற்ற நிதிச் சட்டம் இயற்றப்பட்டது. தொழிலாளரைப் பயன்படுத்தும் முதலாளிகள் அனைவரும் அந்நிதிக்கு வரி செலுத்தினர். அதிலிருந்து கப்பற் கட்டணம் முதலான செலவுகள் கொடுக்கப்பட்டன. 1910ஆம் ஆண்டில் ஒப்பந்த முறையும் முடிவுக்கு வந்தது. அதுகாறும் தொழிலாளியின் தலையில் ஏற்றப்பட்ட வழிச்செலவு, உண்மையில் அவனால் பயன்பெற்றவர்களின் பொறுப்பு என்பதைச் சட்டமே ஒப்புக்கொண்டது. நாளும் ஏழு காசில் வாழ்ந்து பல்லாயிரவர் அடைக்க முயன்ற கடன், ஒரு நிதியேற்பாட்டினால் இல்லாமற்போனது.

எனினும் கடன் வேறு வாயில் வழியாக நுழைந்தது. கடைக்கடனும், திருமணம், ஈமச்சடங்கு ஆகியவற்றுக்காக வட்டிக்கு வாங்கிய கடனும் தொடர்ந்தன. 1928ஆம் ஆண்டையொட்டிப் போக்குவரத்து வசதியுள்ள வட்டாரங்களில் ஆடவர்க்கு 50 காசும் பெண்டிர்க்கு 40 காசும் நிலையான நாட்கூலியாக விதிக்கப்பட்டன. 1930இல் உலகப் பொருளாதார மந்தம் தாக்கியபோது அக்கூலி 40 காசாகவும் 32 காசாகவும் குறைக்கப்பட்டது. அதன்பின் பல தோட்டங்களில் அதற்கும் கீழே இறங்கியது. ஐந்தில் ஒரு பங்கு குறைவுதானே என்று எண்ணலாம். இங்கும் கணக்கைப் பாருங்கள். 20 வெள்ளிக் கடன் உள்ள ஆடவன் 50 காசுக் கூலியில் நாற்பது நாள் உழைப்பைக் கடனாகச் சுமந்தான். கூலி 40 காசானதும் அதே கடன் ஐம்பது நாள் உழைப்பாக நீண்டது. அவன் புதிதாக ஒரு காசும் கடன் வாங்கவில்லை. ஆயினும் அவன் கடன் வளர்ந்தது. கூலி குறையும்போது கடனும் உடன் குறைவதில்லை என்பதை மாணவர்கள் உணர இதனினும் தெளிவான சான்று வேண்டியதில்லை.

மதுவைப் பற்றிப் பேசாமல் இவ்வரலாற்றை முடித்தல் நேர்மையன்று. தோட்டக் கள்ளுக்கடை பல குடும்பங்களின் கூலியை விழுங்கியது உண்மை. அதனை மறைக்க வேண்டியதில்லை. அதே சமயம், தொழிலாளர் வாழ்ந்த எல்லைக்குள்ளேயே கள்ளுக்கடை அனுமதியுடன் நடந்தது என்பதையும் சேர்த்தே சொல்லல் வேண்டும். குடித்தவனின் பெயரைச் சொல்லி, குடியாத ஆயிரம் பேரின் கடனுக்கும் அதுவே காரணம் என்றல் பொருந்தாது.

பின்னர், அதே சிறுதொகை வேறோர் ஆற்றலாக மாறியதையும் நாம் கண்டோம். ஐம்பதுகளின் இறுதியில் வெள்ளையர் தோட்டங்கள் துண்டாடப்பட்டு விற்கப்பட்டபோது, தொழிலாளர் வேலையும் வீடும் இழந்தனர். 1960ஆம் ஆண்டில் துன் வீ. தி. சம்பந்தன் அவர்கள் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தோற்றுவித்தார். தோட்டம் தோட்டமாகச் சென்று பத்துப் பத்து வெள்ளியாகப் பங்குப்பணம் திரட்டப்பட்டது. கெடாவிலுள்ள புக்கிட் சீடிம் தோட்டம் முதலில் வாங்கப்பட்டது. வாயைக் கட்டி வயிற்றைக் கட்டிச் சேர்த்த காசு, முன்பு கடனுக்குப் போயிற்று, இப்போது நிலமாயிற்று. சிக்கனம் இரண்டு காலத்திலும் ஒன்றே. முன்னது தனித்தனியாகப் பிறர் எழுதிய கணக்கிற் கரைந்தது; பின்னது ஒன்றுகூடித் தம் பெயரில் எழுதிய கணக்கிற் சேர்ந்தது.

ஆகவே, நம் மாணவர்க்குச் சிக்கனத்தைக் கற்பிப்போம். 'சிறுகக் கட்டிப் பெருக வாழ்' என்னும் பழமொழி என்றும் பொருந்தும். ஆயினும் வறுமையைச் சிக்கனம் என்று புகழ்ந்துரைத்தல் வேண்டா. ஏழு காசில் வாழ்ந்தது அவர்கள் விரும்பி ஏற்ற நோன்பன்று. கூலி நியாயமாக இருத்தல் வேண்டும். கடன் கணக்கைக் கடன்பட்டவன் படித்தறிதல் வேண்டும். சேமிப்பு கூட்டுறவில் நிலைபெறல் வேண்டும். இம்மூன்றும் இருந்தாலன்றிச் சிக்கனம் ஒருவனைக் கரையேற்றாது.

ஆசிரிய நண்பர்கள் ஒன்று செய்யலாம். வரலாற்றுப் பாடத்தின்போது 12 காசு, 26 நாள், ஒரு வெள்ளிப் பிடிப்பு என்னும் மூன்று எண்களைக் கரும்பலகையில் எழுதி, எஞ்சியதைக் கொண்டு ஒரு மாதம் எவ்வாறு வாழ்வது என்று மாணவர்களையே கணக்கிடச் சொல்லலாம். வீட்டிற்குச் சென்று பாட்டியிடமும் தாத்தாவிடமும் அவர்கள் காலத்துக் கூலியைக் கேட்டு வரச் செய்யலாம். விடையோடு திரும்பும் பிள்ளை தன் முன்னோரைப் பற்றி இனி இழிவாகப் பேசான்.